முன்னால் போகிறவள்

தடாலென்று கூடத்தில் நாற்காலி சாய்ந்த சத்தம்.

கோகிலா அம்மிக் குழவியை அப்படியே விட்டுவிட்டு, மிளகாய் ஒட்டிய கையோடு ஓடினாள். மலாக்காவின் காஜா பெராங்கில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு ரயில் பெட்டி போல நீளம். அடுப்படியிலிருந்து முன்கூடத்துக்கு வருவதற்குள் திறந்த முற்றத்தையும் படுக்கையறையையும் வெளிச்சம் நுழையாத ஒரு நடையையும் தாண்ட வேண்டும். தாண்டும்போதே, தரையில் கிடக்கும் கணவனை அவள் மனம் பார்த்துவிட்டது: ஒடிந்த இடுப்பு, பிளந்த நெற்றி.

ராஜரத்தினம் விழவில்லை. நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. அவள் கை கொடுக்காமல் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது கூடத்து நடுவில், எதிர்ச்சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடி, ஒரு காலைப் பாதி தூக்கியபடி நின்றார். துணியில் ஒன்றுமில்லை.

“என்னங்க, எப்படி எழுந்தீங்க?”

அவர் திரும்பவில்லை. “பாய் வந்துட்டாரா?”

“இன்னிக்கு எங்க வர்றாரு? வெள்ளிக்கிழமைதானே வருவாரு.”

தூக்கிய கால் மெல்லக் கீழே இறங்கியது. அதோடு அவர் உடம்பு மரக்கட்டையாகிப்போனது. வலது கை பழையபடி உருண்டு உருண்டு நடுங்கத் தொடங்கியது. அவள் நாற்காலியை நிமிர்த்தி அவரை உட்கார வைத்தாள். சட்டைத் தோளில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண் துணியிலேயே இருந்தது.

ராஜரத்தினம் துறைமுகச் சுங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மலாக்காவில் அவரளவு வேகமாக நடக்கிற ஆள் கிடையாது என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்த அன்று, “மெர்டேகா” என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கால்கள் முதல்முறையாகத் தரையில் ஒட்டிக்கொண்டன. கூட்டம் கலைந்தது. கொடிக்காரர்கள் போனார்கள், ஐஸ் வண்டிக்காரன் போனான். அவர் மட்டும் வெற்றுத் திடலில் நின்றார். தேடிக்கொண்டு வந்த கோகிலா அவர் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து, தான் பின்னோக்கி நடந்து, அவரை வீடு வரை அழைத்து வந்தாள்.

அன்றிலிருந்து அவள்தான் அவருடைய கால். குளிக்க, சாப்பிட, வாசலுக்கு வர, எல்லாவற்றுக்கும் அவள் எதிரே நின்று பின்னோக்கி நடக்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு அது பாரமாகவே இல்லை. அவருக்கு ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி தான். இரவில் படுக்கும்போது அந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாகக்கூட இருந்தது.

அதைக் கெடுக்கத்தான் அந்த மிஷின் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சீமைக்குத் திரும்புவதற்கு முன்பு செய்துவைத்துவிட்டுப் போனது அது. நடுக்குவாதக்காரர்களுக்கு வெறும் தரையில் கால் எழும்பாது. ஆனால் முன்னால் ஒருவர் தாளம் தவறாமல் நடந்தால், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கால் தானே எழும்பும். அதற்காக ஒரு சாலையையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் அவர். ஆஸ்பத்திரியில் படம் காட்டும் இப்ராஹீம் பாய், வாரம் ஒரு பிற்பகல் வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருவார். யுத்த காலத்து இருட்டடிப்புக் கறுப்புத் துணியை ஜன்னல்களில் மாட்டுவார். எதிரேயும் இரு பக்கமும் வெள்ளைத் துணி; அதை மட்டும் கழற்றாமல் விட்டுப்போவார். படமிஷினுக்கு முன்னால் கண்ணாடிகள். சாலை எதிர்த்துணியில் ஓட, ஓரத்துத் தென்னைமரங்கள் பக்கத்துத் துணிகளில் ஓடும். தரையில் கடல்மணல் பரப்புவார். ஈரக் கடற்பாசியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் காற்றாடியைச் சுழலவிடுவார். கடைசியில் ஒலிநாடாவைத் தட்டுவார்.

டக். டக். டக். டக்.

தேரொம்பா. மரக்கட்டைச் செருப்பு. கிளேபாங் கடற்கரைச் சாலையில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து போவாள். வெள்ளைச் சேலை, இறுக்கிய கொண்டை, மெலிந்த முதுகு. படம் முடியும்வரை அவள் முகம் தெரியாது. சேலைக்குக் கீழே குதிகால் மட்டும் எழும்பி எழும்பித் தணியும்.

அந்தக் குதிகாலைப் பார்த்து ராஜரத்தினம் நடந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையும் கோகிலா நடைவாசலில் நின்று பார்த்தாள். புழுக்கமான இருட்டில் படமிஷினின் சூடான எண்ணெய் வாடையும் பாசியின் உப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏற, தூசி மிதக்கும் வெளிச்சக் கற்றைக்குக் கீழே அவள் கணவன் கைகளை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, கல்யாணமான புதிதில் அவளை விட்டுவிட்டு முன்னால் போவாரே அதே மிடுக்கோடு மணலில் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். நோய் வந்தபின் அவர் முகம் முகமூடி போல இறுகிவிட்டது. சிரிப்பும் வராது, கோபமும் வராது. ஆனால் அந்த வெளிச்சத்தில் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

பாய் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கணவனிடம் கேட்டேவிட்டாள். “அவ யாருங்க?”

“எவ?”

“முன்னால போறாளே, அவ.”

“தெரியாது.” அவர் குரல் சன்னமாக வந்தது. “அவ நடந்தா நடக்குறேன். நின்னா நின்னுடுறேன்.”

“நான் நடந்தா மட்டும் ஏன் இழுத்துக்கிட்டு வர்றீங்க?”

வாய் திறக்க அவருக்கு நேரமாகும். “நீ என் மூஞ்சியவே பாக்குற, கோகி. எப்ப விழுவேன்னு பாக்குற. அவ பாக்குறதில்ல.”

அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வீட்டு விஜயா, மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவள். கழுத்தில் தாலி, உடம்பில் மலாய்க்காரிகளைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும். வாயில் மலாய்தான், நடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் உருளும். கிணற்றடியில் கோகிலா மலாயில் புலம்ப, அவள் மலாயிலேயே சிரித்தாள்.

“அடோய், சுவத்துல இருக்கிற பொம்பளை மேலயா கோபம்? அவ சோறு கேக்குறாளா, சேலை கேக்குறாளா? என் புருஷனும் அப்படி ஒருத்தியோட இருந்தா எனக்கு நிம்மதி லா.”

“உனக்கு விளையாட்டா இருக்கு, காக்கா.” அக்கா என்பதற்கு மலாயில் அப்படித்தான்.

விஜயா வாளியை வைத்தாள். “ஒண்ணு கேக்கட்டா? தேரொம்பா குளிக்கிற இடத்துக்குப் போடுறது. அதைப் போட்டுக்கிட்டு யாராச்சும் கிளேபாங் ரோட்டுல நடப்பாங்களா?”

அந்தக் கேள்வியை அப்படியே பாயிடம் கொண்டுபோனாள் கோகிலா. அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “தேரொம்பா போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்குறாளே, யாரு பாய் அவ? நர்ஸா? டாக்டருக்குத் தெரிஞ்சவளா?”

“விடுங்க அக்கா. ஐயா நடக்குறாரு, அது போதாதா?”

“சொல்லுங்க பாய்.”

அவர் கம்பியைக் கீழே வைத்தார். “டாக்டர் படம் எடுத்தப்ப வேன் ஓட்டினது நான்தான். காலி ரோட்டைத்தான் எடுத்தோம். அல்லாவே சாட்சி, அங்க ஒரு காக்கை குருவி கிடையாது. கழுவி வந்த படத்துல அவ இருந்தா. டாக்டருக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ‘யாரோ குறுக்க வந்திருக்கா, நமக்கு அதிர்ஷ்டம்’னாரு. தேரொம்பா சத்தத்தை அப்புறமா நாங்கதான் சேத்தோம், அவ காலைப் பாத்து.”

வேறொருத்தியாக இருந்தால் அந்த மிஷினை வீட்டை விட்டே அனுப்பியிருப்பாள். கோகிலாவுக்குப் பயம் வந்தது, ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. பேரில்லாத ஒருத்தி. முகமில்லாத ஒருத்தி. அவளுக்காக எழும்பும் கால், தனக்காக எழும்பவில்லையே.

“என்னைப் படம் எடுங்க பாய். அதே ரோட்டுல. நான் நடக்குறேன்.”

“அக்கா...”

“அவ நடந்தது மாதிரியே நடக்குறேன். அவரு என் பின்னால நடக்கட்டும்.”

பாய் தலையைச் சொறிந்தார், தாடியைத் தடவினார், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரு மாலை, கணவனை விஜயாவின் பார்வையில் விட்டுவிட்டு, கோகிலா வேனில் கிளேபாங் போனாள். பெரிய கட்டம் போட்ட சேலை கட்டியிருந்தாள்; கறுப்பு வெள்ளையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று. காலில் குளியலறைத் தேரொம்பா.

“நேராப் போங்க அக்கா. நான் கூப்பிடுற வரைக்கும் திரும்பாதீங்க. திரும்பினா படம் கெட்டுடும்.”

அவள் நடந்தாள். இடதுபுறம் கடல் ஈயம் போலக் கிடந்தது. தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. டக், டக் என்று தன் காலடியே தனக்குப் பிடித்திருந்தது. சற்றுத் தூரம் போனதும் பின்னால் இன்னொரு காலடி சேர்ந்துகொண்டது. பாய் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தாள். அவள் காலோடு கால் ஒட்டினாற்போல அது வந்தது. கழுத்தின் பின்புறம் யாரோ மூச்சு விடுவது போல ஈரக்காற்று பட்டது. அவள் திரும்பவில்லை. படம் கெட்டுவிடும். தன் பின்னால் ஒருவர் நடந்து வருவது எவ்வளவு சுகம் என்று மட்டும் தோன்றியது.

பாய் கூப்பிடவே இல்லை. சாலை வளைவில் அவளே நின்று திரும்பினாள்.

சாலை காலியாக இருந்தது. வெகுதூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு வேன். அதன் பக்கத்தில் பாய் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“ரீல் முடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சு அக்கா,” என்றார், அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்ததும். “கத்திக்கத்தி தொண்டை போச்சு. நான் இந்த இடத்தை விட்டு அசையலியே.”

காற்றில் ஓலை சத்தம் போட்டிருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

படத்தைக் கழுவுவதற்குச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அது வருவதற்குள்ளேயே அதிசயம் நடந்துவிட்டது.

மறுநாள் காலை கோகிலா தேரொம்பாவோடு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடையில் பாதியில் ஒரு சத்தம். திரும்பினால், ராஜரத்தினம் எழுந்து அவள் பின்னால் வந்துகொண்டிருந்தார். மிஷின் இல்லை, மணல் இல்லை, துணி இல்லை. கைகளை வீசிக்கொண்டு, நிமிர்ந்து.

“என்னங்க!”

“நட,” என்றார். “நிக்காத.”

அவள் அழுதுகொண்டே நடந்தாள். அடுப்படி வரை, முற்றம் வரை, வாசல் வரை. முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார். பாய்க்கு ஆள் அனுப்பி, இனி மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெள்ளைத் துணிகளைத் தன் கையாலேயே அவிழ்த்து மடித்து மூலையில் போட்டாள். ஜெயித்துவிட்டாள்.

அந்த நாட்களில் சில சின்னச் சின்ன விஷயங்கள் உறுத்தின. அவள் நின்ற பிறகும் ஒரு ‘டக்’ கேட்கும். நீளமான வீடு, எதிரொலிக்கும். சேலையின் பின்புறக் கொசுவத்தில் மணல் இருக்கும். கூட்டிய தரையில் ஏது மணல்? பழைய மணல் எங்காவது ஒட்டியிருக்கும். பாசி வாடை போகவே இல்லை. சாம்பிராணி போட்டாள், அப்படியும் போகவில்லை.

அவர் எப்போதும் கொஞ்சம் தள்ளியே வந்தார். நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், அத்தனை தள்ளி.

“கிட்ட வாங்களேன்,” என்றாள் ஒருநாள் கொஞ்சலாக.

“இடமில்லையே,” என்றார்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனுஷன் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

விஜயா இப்போதெல்லாம் வாசலோடு நின்றுகொண்டாள். “உள்ள வா காக்கா, அவரு நடக்குறதைப் பாரு,” என்று கோகிலா கூப்பிட்டால், விஜயாவின் கண் அவள் தோளுக்கு மேலே போய் நிற்கும். “வேலை இருக்கு லா,” என்று சாரோங்கைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவாள். பொறாமை, என்று நினைத்தாள் கோகிலா. என் புருஷன் என் பின்னால் நடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மழை பிடித்த ஒரு பிற்பகலில் பாய் வந்தார். படம் வந்துவிட்டது.

“வேணாம்னீங்க. இருந்தாலும் உங்க படமாச்சே, ஒரு தடவை பாத்துடுங்க.”

கோகிலாவுக்கும் ஆசை. அவர் எதைப் பார்த்து நடக்கிறாரோ அதைத் தானும் பார்க்க வேண்டும். அந்த முதுகை. தன் முதுகை. கறுப்புத் துணி மாட்டினார்கள். வெள்ளைத் துணி கட்டினார்கள். ராஜரத்தினத்தைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்தாள். ஓட்டுக்கூரையில் மழை சடசடத்தது. மிஷின் முனகிக்கொண்டு சுழன்றது.

சாலை. தென்னை. ஈயக் கடல்.

வெள்ளைச் சேலை. இறுக்கிய கொண்டை. மெலிந்த முதுகு.

“பாய், பழைய படத்தைப் போட்டுட்டீங்க.” அவள் குரல் உயர்ந்தது. “அவ எதுக்கு? அவளை எடுங்க!”

பாய் டப்பாவை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“பழைய படம் ஆஸ்பத்திரியில இருக்கு அக்கா. இது உங்க படம்தான்.”

“நான் எங்க?”

வெள்ளைச் சேலைக்காரி நடந்தாள். குதிகால் எழும்பியது, தணிந்தது. ஓர் அடி வைக்கையில் அவள் உடம்பு ஒரு விரல் அளவு விலக, அவளுக்கு முன்னால், அவளோடு ஒட்டினாற்போல, ஒரு கட்டம் தெரிந்தது. இன்னொரு கட்டம். கட்டம் போட்ட சேலை. ஒரு முழங்கை. தன் முழங்கை. தன் காதுத் தோடு.

அந்த வெள்ளை முதுகுக்கு முன்னால் கோகிலா நடந்துகொண்டிருந்தாள். ஆசையாக. தலையை நிமிர்த்திக்கொண்டு. வெள்ளைச் சேலைக்காரியின் மோவாய் அவள் கழுத்துக்குப் பின்னால் படிந்திருந்தது. இருவருக்கும் ஒரே அடி. ஒரே தாளம்.

“யா அல்லாஹ்,” என்றார் பாய். மிஷினை அணைத்தார்.

இருட்டு.

கதவு திறந்தது. மழைச்சத்தம் பெரிதாகி மறுபடி சிறிதானது. பாய் ஓடிவிட்டார்.

கோகிலா எழுந்தாள். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுகிறார். அவள் துணிப்பக்கமாக ஓர் அடி வைத்தாள். அவர் ஓர் அடி வைத்தார். வெறுங்கால் அடி.

டக்.

அவள் காலிலும் செருப்பு இல்லை.

இன்னும் ஓர் அடி. டக். அவள் நின்றாள். எல்லாம் நின்றது. பாசி வாடை. உப்பு. பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு, சின்னதாக, பொறுமையாக. தோள் மேல் ஏதோ படிந்தது. எலும்பு போல. மோவாய் போல.

திரும்பினால் முகம் தெரியும். இத்தனை நாள் பார்க்கத் துடித்த முகம்.

அவள் திரும்பவில்லை.

“என்னங்க,” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “இங்க வாங்க. என் கையைப் பிடிங்க. என் பின்னாலதானே நடந்தீங்க இத்தனை நாளா? என்னைப் பாத்துத்தானே?”

இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. நடுக்கமில்லாமல், தெளிவாக, பழைய நாட்களின் குரல்.

“உன் முதுகு எனக்கு ஒரு நாள்கூடத் தெரிஞ்சதில்லையே, கோகி... நடுவுல இவ இருக்காளே.”